மனாகுவா பள்ளி முற்றத்தில் பிறந்த மொழி

"பாடு", "மாடு". இந்த இரண்டு சொற்களையும் கண்ணாடி முன் நின்று ஒலி வராமல் வாயை மட்டும் அசைத்துச் சொல்லிப் பாருங்கள். உதட்டில் எந்த வேறுபாடும் தெரியாது. ப-வுக்கும் ம-வுக்கும் உதடுகள் ஒரே மாதிரிதான் மூடித் திறக்கின்றன. ம-வுக்கு மூக்கு வழியே காற்று போகிறது. அதைக் கண்ணால் பார்க்க வழியில்லை. க, ங போன்ற ஒலிகள் தொண்டைப் பக்கம் பிறப்பதால் அவையும் வெளியே தெரிவதில்லை. ஏற்கனவே தமிழ் தெரிந்தவர் சூழலை வைத்துக் "கயிற்றில் கட்டியது மாடுதான்" என்று ஊகித்துவிடுவார். உதட்டைப் படிப்பது என்பது பெரும்பாலும் தெரிந்த மொழியைக் கொண்டு இடைவெளியை நிரப்புவதுதான். மொழியே தெரியாத குழந்தை எதைக் கொண்டு நிரப்பும்?

குழந்தைகள் உதட்டைப் பார்த்தே மொழியைக் கற்றுவிடும் என்றுதான் 1977-ல் மனாகுவாவில் எதிர்பார்த்தார்கள். நிகரகுவாவின் தலைநகரான அந்த ஊரில் காது கேளாத பிள்ளைகளுக்கான சிறப்புப் பள்ளி ஏறத்தாழ 50 பேருடன் நடக்க ஆரம்பித்தது. அதுவரை அந்த நாட்டில் காது கேளாதவர்கள் ஒருவரையொருவர் சந்திப்பதே அரிது. ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுக்குள், காது கேட்கும் சொந்தங்களுக்கு நடுவே வளர்ந்தார்கள். 1979-ல் சாந்தினிஸ்டா என்ற இடதுசாரி இயக்கத்தின் புரட்சியில் ஆட்சி மாறியது. 1980-ல் வளரிளம் பருவத்தினருக்கு ஒரு தொழிற்பள்ளியும் திறக்கப்பட்டது. 1983-க்குள் இரண்டு பள்ளிகளிலும் சேர்த்து 400 பேருக்கு மேல் படித்தார்கள். ஆசிரியர்கள் கற்றுக்கொடுக்க முயன்றது ஸ்பானிஷ்: உதட்டைப் பார், திருப்பிச் சொல். அது பிள்ளைகளிடம் ஏறவில்லை.

ஆனால் பள்ளிப் பேருந்திலும் முற்றத்திலும் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் தானாக உருவாக்கி வைத்திருந்த சைகைகளுடன் வந்திருந்தது. ஒருவரின் "தண்ணீர்" இன்னொருவரின் "தண்ணீர்" இல்லை. தினமும் சேர்ந்து விளையாடி, சண்டை போட்டு, பயணம் செய்ததில் அவை ஒன்றோடொன்று கலந்து, சில நிலைத்தன, பல உதிர்ந்தன. பிள்ளைகள் கையால் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று ஆசிரியர்களுக்குப் புரியவில்லை. 1986-ல் கல்வி அமைச்சகம் ஜூடி கெகல் என்ற அமெரிக்க மொழியியலாளரை அழைத்தது. அவர் முதலில் தொழிற்பள்ளியின் மூத்த மாணவர்களைப் பார்த்தார். சைகைகள் இருந்தன, இலக்கணம் தடுமாறியது. பிறகு தொடக்கப்பள்ளிச் சிறுவர்களைப் பார்த்தார். கைகள் வேகமாக, சரளமாக ஓடின. ஒரே விதமான அசைவுகள் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வந்தன. பெரியவர்களைவிடச் சின்னவர்கள் நன்றாகப் "பேசினார்கள்".

இந்தத் தலைகீழ்தான் விஷயத்தின் மையம். பொதுவாக மொழிகளில் மூத்தவர்களிடம் முழுமையாக இருப்பதை இளையவர்கள் கற்கிறார்கள். இங்கே மூத்தவர்களிடம் இல்லாதது இளையவர்களிடம் இருந்தது. யாரிடமிருந்து கற்றார்கள் என்ற கேள்விக்குப் பதில் தேட வேண்டுமானால், சாதாரணமான ஒரு வீட்டில் குழந்தை எப்படி மொழியைப் பிடிக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரு குழந்தை மொழியைக் கற்பதும் புதிய மொழி ஒன்று பிறப்பதும் ஒரே வேலையின் இரண்டு தோற்றங்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

கருவின் கடைசி மூன்று மாதங்களில் காது வேலை செய்ய ஆரம்பித்துவிடும். வயிற்றுக்குள் சொற்கள் தெளிவாகக் கேட்காது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுவதுபோல ஏற்ற இறக்கமும் தாளமும் மட்டும் போய்ச் சேரும். அதுவே போதுமானது. பிறந்து இரண்டே நாளான குழந்தை தாய்மொழியின் ஓசையை அயல்மொழியைவிட அதிக விருப்பத்தோடு கேட்கிறது. அந்த வயதில் விருப்பத்தை எப்படி அளப்பது? குழந்தையின் வாயில் ஒரு சூப்பானை வைத்து, எந்த ஒலி கேட்கும்போது எவ்வளவு நேரம் சூப்புகிறது என்று அளப்பார்கள்.

அடுத்த ஆறு மாதம் குழந்தைக்கு உலகத்து மொழிகளின் ஒலி வேறுபாடுகளில் பெரும்பகுதி கேட்கும். 1984-ல் ஜேனட் வெர்கரும் ரிச்சர்ட் டீஸும் கனடாவில் செய்த சோதனை நமக்கு நன்றாகவே புரியும், ஏனென்றால் அதில் வந்தது த-வும் ட-வும். இந்தியின் "த", "ட" ஒலிகளை ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு ஒலிதான் உண்டு. ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் வேறுபாட்டைக் கண்டுகொண்டன. பத்து முதல் பன்னிரண்டு மாதத்தில் அந்தத் திறன் பெரும்பாலும் போய்விட்டது. காது மந்தமாகவில்லை. தன் வீட்டில் பொருளை மாற்றாத வேறுபாட்டைக் கவனிப்பதை மூளை நிறுத்திக்கொண்டது. தமிழ்க் குழந்தைக்குப் "பத்து", "பட்டு" என்று தினமும் தேவைப்படுகிறது. அதனால் அது நிலைக்கிறது.

அடுத்த சிக்கல், சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது. எழுத்தில் இடம் விட்டு எழுதுகிறோம். பேச்சில் இடமே கிடையாது. "அம்மாவந்தாச்சு" என்று ஒரே இழுப்பாகத்தான் வரும். 1996-ல் ஜென்னி சாஃப்ரனும் உடன் ஆய்வாளர்களும் பொருளில்லாத நான்கு மூன்றசைச் சொற்களை இடைவெளியோ அழுத்தமோ இன்றிக் கலந்து, எட்டு மாதக் குழந்தைகளுக்கு இரண்டே நிமிடம் கேட்கவைத்தார்கள். எந்த அசைக்குப் பின் எந்த அசை வழக்கமாக வருகிறது என்ற கணக்கைத் தவிர வேறு துப்பு எதுவும் கிடையாது. குழந்தைகள் சொற்களைப் பிரித்தெடுத்தன. ஒரு சொல்லுக்குள் அசைகள் ஒன்றையொன்று விடாமல் தொடரும். சொல்லின் எல்லையில் அடுத்து எது வேண்டுமானாலும் வரலாம். இந்தக் கணக்கைத்தான் குழந்தை யாரும் சொல்லித்தராமல் போடுகிறது.

கணக்கு மட்டும் இருந்தால் தொலைக்காட்சியே மொழி கற்றுக்கொடுத்துவிடுமே என்று தோன்றும். கொடுப்பதில்லை. 2003-ல் பட்ரீசியா குல் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கவைத்தார். ஒவ்வொன்றும் 25 நிமிடமாக 12 அமர்வுகள். எதிரே ஆள் உட்கார்ந்து பொம்மையும் புத்தகமும் காட்டிப் பேசிய குழந்தைகள் சீன ஒலி வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டன. அதே ஆள், அதே பேச்சு, காணொளியாகத் திரையில் வந்தபோது எதுவும் ஒட்டவில்லை. கண்ணைப் பார்த்து, ஒரே பொருளை இருவரும் நோக்கி, குழந்தையின் அசைவுக்கு மறுமொழி சொல்லும் ஆள் வேண்டும். காது கேளாத குழந்தைகளைப் பற்றி யோசிக்கும் எவரும் இந்த முடிவை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இவற்றில் எதற்குமே காதுதான் வழி என்ற கட்டாயம் இல்லை. சைகை பேசும் பெற்றோருக்குப் பிறந்த காது கேளாத குழந்தை, மற்றக் குழந்தைகள் "பாபாபா" என்று மழலை பேசும் அதே வயதில், கையால் மழலை பேசுகிறது: சைகை மொழியின் அசைகளைப் பொருளில்லாமல் திரும்பத் திரும்பச் செய்கிறது. லோரா பெட்டிட்டோ 1991-ல் இதைப் பதிவு செய்தார். மூளைக்கு வேண்டியது ஒழுங்குள்ள மொழி. அது வாய்வழி வருகிறதா கைவழி வருகிறதா என்பது இரண்டாம்பட்சம்.

ஆனால் நிகரகுவாப் பிள்ளைகளுக்கு ஒழுங்குள்ள மொழியும் கிடைக்கவில்லையே. அங்கேதான் குழந்தைகளின் இன்னொரு திறமை வருகிறது: கிடைத்ததைச் செப்பனிடுவது.

ஆய்வு இலக்கியத்தில் சைமன் என்ற புனைபெயரில் குறிப்பிடப்படும் அமெரிக்கச் சிறுவன் ஒருவன் உண்டு. அவனும் பெற்றோரும் காது கேளாதவர்கள். பெற்றோர் பதினைந்து வயதுக்கு மேல்தான் அமெரிக்கச் சைகை மொழியைக் கற்றார்கள்; அதனால் வினைச் சைகைகளில் சேர்க்க வேண்டிய நுண்ணிய உறுப்புகளைச் சில சமயம் சரியாகச் செய்வார்கள், சில சமயம் விட்டுவிடுவார்கள். சரியாகச் செய்தது சுமார் 70 விழுக்காடு. சைமனுக்கு அந்த மொழி கிடைத்த ஒரே இடம் வீடு. ஏழு வயதில் அவனைச் சோதித்தபோது சுமார் 90 விழுக்காடு சரியாகச் செய்தான். பெற்றோரிடம் பெரும்பான்மையாக இருந்த வடிவத்தை விதி என்று எடுத்துக்கொண்டு, பிழைகளை உதறிவிட்டான். ஜென்னி சிங்கிள்டனும் எலிசா நியூபோர்ட்டும் செய்த ஆய்வு இது. பின்னர் கார்லா ஹட்சன் காமும் நியூபோர்ட்டும் ஒரு செயற்கைக் குட்டி மொழியைச் சோதனைக்கூடத்தில் கற்பித்துப் பார்த்தார்கள். ஓர் உறுப்பு சில சமயம் வரும், சில சமயம் வராது. பெரியவர்கள் அந்த ஏறுமாறான விகிதத்தை அப்படியே திருப்பித் தந்தார்கள். சிறுவர்கள் பலர் எப்போதும் வரும் அல்லது எப்போதும் வராது என்று ஒரு விதியாக்கிக்கொண்டார்கள்.

பெரியவரின் நினைவாற்றல் நல்லது. கேட்டதை விதிவிலக்கோடு சேர்த்தே வைத்துக்கொள்கிறார். குழந்தையின் நினைவு குறுகியது. எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள இடமில்லாததால் விதியை மட்டும் வைத்துக்கொள்கிறது. குழந்தையின் குறையே அதன் பலமாகிறது என்ற நியூபோர்ட்டின் விளக்கம் இன்றும் விவாதத்தில் இருக்கிறது. எனக்கு அது வலுவானதாகவே படுகிறது.

மறுபுறம், இந்தத் திறமைக்குக் காலக்கெடு உண்டு. அமெரிக்கச் சைகை மொழியைப் பிறப்பிலிருந்து கற்றவர்கள், நான்கு முதல் ஆறு வயதில் கற்றவர்கள், பன்னிரண்டுக்கு மேல் கற்றவர்கள் என மூன்று வகையினரை நியூபோர்ட் ஒப்பிட்டார். எல்லோரும் 30 ஆண்டுகளுக்கு மேல் தினமும் அந்த மொழியில் வாழ்ந்தவர்கள். சொல் வரிசையில் மூன்று வகையினரும் ஒன்றுபோலச் சரியாகச் செய்தார்கள். வினைச் சொல்லின் உள்ளுறுப்புகளில் மட்டும் படிப்படியாகச் சரிவு. 30 ஆண்டுப் பழக்கமும் தொடக்கத்தில் விட்ட சில வருடங்களை ஈடுசெய்யவில்லை.

இந்த இரண்டையும், அதாவது செப்பனிடும் திறனையும் அதன் காலக்கெடுவையும், சேர்த்து வைத்துக்கொண்டு மனாகுவாவுக்குத் திரும்பினால் அந்தத் தலைகீழ் தெளிவாகிவிடும். 1977 முதல் 1983 வரை வந்த முதல் அணியினர் வீட்டுச் சைகைகளைக் கொட்டிக் கலந்து ஒரு பொதுச் சரக்கைத் தயாரித்தார்கள். அதற்குள் வளர்ந்துவிட்டார்கள். அடுத்து வந்த ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு அந்தச் சரக்கே தாய்மொழிக்கான மூலப்பொருளாக அமைந்தது. சைமன் தன் பெற்றோருக்குச் செய்ததை இவர்கள் ஒரு சமூகத்துக்கே செய்தார்கள்.

இதைக் கிட்டத்தில் பார்க்க ஆன் செங்காஸ், சோத்தாரோ கீத்தா, அஸ்லி ஒஸ்யுரெக் மூவரும் 2004-ல் வெளியிட்ட ஆய்வு உதவும். கார்ட்டூன் ஒன்றில் ஒரு பூனை பெரிய பந்தை விழுங்கிவிட்டுச் சரிவான தெருவில் உருண்டு இறங்குகிறது. அதைப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். ஸ்பானிஷ் பேசும் நிகரகுவாக்காரர்கள் பேசும்போது கையையும் ஆட்டுவார்கள்: கை சுற்றிக்கொண்டே கீழே இறங்கும். உருளுதலும் இறங்குதலும் ஒரே அசைவு. கண்ணால் பார்த்ததும் அப்படித்தான், இரண்டும் ஒரே நேரத்தில்தான் நடந்தன. முதல் அணியினரின் சைகையும் பெரும்பாலும் இப்படியே இருந்தது. இரண்டாம், மூன்றாம் அணியினர் வேறு மாதிரி செய்தார்கள். கை ஒரே இடத்தில் சுற்றும்: "உருள்". நிற்கும். பிறகு நேராகக் கீழே போகும்: "இறங்கு". இரண்டு தனிச் சொற்கள்.

நடந்ததைப் படம் பிடிப்பதில் இது ஒரு படி பின்னடைவுதான். பூனை உருண்டு முடித்துவிட்டு இறங்கவில்லை. ஆனால் மொழி என்ற வகையில் இது பெரிய முன்னேற்றம். ஒட்டிக்கிடந்த ஒன்றை உறுப்புகளாகப் பிரித்துவிட்டால் அவற்றை வேறு வேறு விதமாகச் சேர்க்கலாம். உருள்-ஏறு, தத்து-இறங்கு, நட-இறங்கு. தமிழ் இதைத்தான் செய்கிறது: "உருண்டு இறங்கினான்", "உருண்டு போனான்", "ஓடி இறங்கினான்", "தவழ்ந்து ஏறினான்". எப்படி என்பதற்கு ஒரு வினையெச்சம், எங்கே என்பதற்கு ஒரு வினைமுற்று. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்ததென்று அழுத்திச் சொல்ல "உருண்டுகொண்டே" என்கிறோம். நிகரகுவாப் பிள்ளைகளில் சிலர் அதற்கும் ஒரு வழி கண்டிருந்தார்கள்: உருள்-இறங்கு-உருள். நடுவில் இருப்பதைச் சுற்றியுள்ள சைகை அணைத்துக்கொள்கிறது. அதனால் இரண்டும் உடன் நிகழ்ந்தவை என்று பொருள். ஸ்பானிஷில் இந்த அமைப்பு இல்லை, காது கேட்பவர்களின் கையசைவிலும் இல்லை. யாரும் கற்றுத்தராத இலக்கணம் இது.

இன்னொன்று, திசை. செங்காஸும் மேரி கொப்போலாவும் 2001-ல் வெளியிட்டது. "பார்", "பணம் கொடு" என்ற சைகைகளை உடலுக்கு நேர் முன்னால் செய்யலாம். இடப்பக்கம் திருப்பியும் செய்யலாம். முதல் அணியினரும் திருப்பினார்கள். ஆனால் அவர்கள் கையில் அது எதையும் உறுதியாகக் குறிக்கவில்லை. சிறு வயதில் பள்ளிக்கு வந்த இரண்டாம் அணியினரிடம் "பார்" இடப்பக்கம், "பணம் கொடு" இடப்பக்கம் என்று வந்தால், பார்க்கப்பட்டவரும் பணம் வாங்கியவரும் ஒரே ஆள். "அவன்", "அவளுக்கு" என்று நாம் சுட்டுப்பெயரும் வேற்றுமை உருபும் கொண்டு செய்யும் வேலையை அவர்கள் திசையைக் கொண்டு செய்தார்கள். 1983-க்குப் பிறகே வந்திருந்தாலும் பத்து வயதைத் தாண்டி வந்தவர்களிடம் இந்த மாற்றம் ஏற்படவில்லை. இரண்டு நிபந்தனைகளும் ஒன்றாக வேண்டும்: முந்தைய அணி தந்த சரக்கும் வேண்டும், அதைப் பிடிக்கும் வயதும் வேண்டும்.

"ஒன்றுமில்லாததிலிருந்து பிறந்த மொழி" என்று இதைச் சிலர் எழுதுவதுண்டு. அது சரியில்லை. காது கேட்கும் நிகரகுவா மக்களின் கையசைவுகள் இருந்தன. வீட்டுச் சைகைகள் இருந்தன. அவையும் வெறும் நடிப்பாக இருப்பதில்லை. சூசன் கோல்டின்-மெடோ 1970-களிலிருந்து செய்த ஆய்வுகளில், வீட்டில் தனியாக இருக்கும் காது கேளாத குழந்தை கூடச் சைகைகளை ஓர் ஒழுங்கில் வைப்பது தெரிந்தது: முதலில் பொருள், பிறகு செயல், "ஆப்பிள்-தின்". தாயின் கையசைவில் அந்த ஒழுங்கு இல்லை. ஆக வரிசை என்பது ஒரு குழந்தைக்கே வந்துவிடுகிறது. உறுப்பாகப் பிரித்துச் சேர்ப்பதும், திசையால் ஆளைக் குறிப்பதும், ஒருவர் தருவதை இன்னொருவர் எடுத்துத் திருத்தும் கூட்டத்தில்தான் வருகின்றன. லோரா போலிச் போன்றவர்கள் இந்த மொழியின் பிறப்பில் சிறு குழந்தைகளைவிடப் பதின்ம வயதினரும் இளைஞர்களும் சங்கமாகக் கூடியதே முக்கியம் என்கிறார்கள். காது கேளாதோர் சங்கம் 1986-ல் அமைந்தது உண்மை. அது இல்லையென்றால் மொழிக்கு வீடு இருந்திருக்காது என்பதும் உண்மை. ஆனால் மேலே சொன்ன இலக்கண மாற்றங்கள் சிறு வயதில் வந்தவர்களின் கையில்தான் தொடங்கின என்பதை அந்த வாதம் அசைக்கவில்லை.

இலக்கணம் வளர்ந்தால் பேச்சு மட்டும்தான் வளருமா? இதற்கும் நிகரகுவாவில் விடை கிடைத்தது. பள்ளிக்கே வராமல் வீட்டுச் சைகையுடன் வளர்ந்த பெரியவர்களை எலிசபெட் ஸ்பாபென் 2011-ல் ஆராய்ந்தார். வேலைக்குப் போகிறார்கள், பணத்தைப் புழங்குகிறார்கள். ஆனால் எண்ணுப்பெயர் வரிசை அவர்களிடம் கிடையாது. மூன்று வரை துல்லியம். அதற்கு மேல் ஏறத்தாழத்தான். ஐந்து பொருளுக்கு நான்கு விரலோ ஆறு விரலோ நீளும். "ஒன்று, இரண்டு, மூன்று" என்று மனப்பாடமாக ஓடும் வரிசை இல்லாமல் ஏழுக்கும் எட்டுக்கும் எல்லை பிடிக்க முடியவில்லை.

ஜென்னி பயர்ஸும் செங்காஸும் 2009-ல் வெளியிட்டது இதைவிட மனதைத் தொடும். ஒருவன் பொம்மையை ஓரிடத்தில் வைத்துவிட்டுப் போகிறான். அவன் இல்லாதபோது இன்னொருவன் இடம் மாற்றுகிறான். திரும்பி வந்தவன் எங்கே தேடுவான்? நான்கைந்து வயதுப் பிள்ளைகள் பொதுவாக இதைச் சரியாகச் சொல்வார்கள். படங்களை வைத்துக் கேட்டபோது, இருபதுகளின் பிற்பகுதியில் இருந்த முதல் அணியினர் பலர் தவறினார்கள். இரண்டாம் அணியினர் சரியாகச் செய்தார்கள். முதல் அணியினரிடம் "நினை", "தெரியும்" போன்ற மனச் சொற்கள் மிகக் குறைவாக இருந்தன. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்து மறுபடி சோதித்தார்கள். அதற்குள் அவர்கள் சங்கத்தில் இளையவர்களுடன் அதிகம் பழகி அந்தச் சொற்களைக் கற்றிருந்தார்கள், தேர்விலும் முன்னேறியிருந்தார்கள். இலக்கண உறுப்புகளுக்குக் கதவு மூடிவிட்டாலும் சொற்களுக்கு மூடவில்லை என்பது இதில் தெரிகிறது. தாங்கள் தொடங்கிவைத்த மொழியைத் தங்களைவிடப் பத்து வயது இளையவர்களிடமிருந்து கற்றார்கள்.

புதிய மொழி பேச்சிலும் பிறக்கும். ஆஸ்திரேலியாவின் வடக்கு ஆட்சிப்பகுதியில் லஜமானு என்ற ஊர் இருக்கிறது. மக்கள் தொகை சுமார் 700. மரபு மொழி வார்ல்பிரி. 1970, 80-களில் அங்கே பெரியவர்கள் குழந்தைகளிடம் வார்ல்பிரி, ஆங்கிலம், கிரியோல் (ஆங்கிலச் சொற்களை அடிப்படையாகக் கொண்ட வட ஆஸ்திரேலியக் கலப்பு மொழி) மூன்றையும் கலந்து பேசினார்கள். குழந்தைகள் அந்தக் கலவையையே முழு மொழியாக எடுத்துக்கொண்டார்கள். கார்மல் ஓஷானசி அதற்கு லைட் வார்ல்பிரி என்று பெயரிட்டு 2005 முதல் எழுதிவருகிறார். ஒரு வாக்கியம்: "ஙனிம்ப-ங் கென் வி-ம் சி-ம் வோம் மை அவ்ஸ்-ரியா." நாங்களும் எங்கள் வீட்டில் புழுக்களைப் பார்த்தோம். "அவ்ஸ்" ஆங்கில வீடு. "-ரியா" வார்ல்பிரியின் "இல்". "ஹவுஸ்ல" என்று நாம் சொல்வதற்கு நேர் இணை. "சி-ம்" ஆங்கிலத்தின் "பார்", அதோடு கிரியோலின் செயப்படுபொருள் விகுதி. "வி" என்றால் நாங்கள். அதை அடுத்த "ம்"-தான் புதையல். ஆங்கிலத்தில் "நான்" என்பதோடு மட்டும் ஒட்டும் அந்த "ம்" இங்கே நாங்கள், நீ என எல்லாவற்றோடும் ஒட்டி, "எதிர்காலம் இல்லை, நடந்தது அல்லது நடப்பது" என்று காட்டுகிறது. அப்படி ஒரு காலம் காட்டும் உறுப்பு ஆங்கிலத்திலும் இல்லை, வார்ல்பிரியிலும் இல்லை. குழந்தைகள் செய்தது.

தங்கிலீஷும் இப்படித் தனி மொழியாகிவிட்டதா என்று நம்மில் பலருக்குக் கேள்வி வரும். "நான் அவனை பஸ்ல மீட் பண்ணேன்" என்பதை எடுத்துக்கொள்வோம். சொற்கள் ஆங்கிலத்திலிருந்து வந்திருக்கலாம். "ஐ" உருபு, "ல", "பண்ணேன்" என்ற வினையின் இறந்தகாலம், தன்மை ஒருமை விகுதி எல்லாம் தமிழ். எலும்புக்கூடு முழுக்கத் தமிழ். லைட் வார்ல்பிரியில் பெயர்ச்சொல்லின் எலும்பு ஒரு மொழியிலிருந்தும் வினையின் எலும்பு இன்னொரு மொழியிலிருந்தும் வந்து, இரண்டிலும் இல்லாத ஒன்றும் முளைத்திருக்கிறது. கடன்சொற்களின் எண்ணிக்கையை வைத்து மொழி மாறிவிட்டதாகக் கவலைப்படுபவர்கள் விகுதிகளைக் கவனிக்க வேண்டும்.

இவை அனைத்தும் நம் வீடுகளில் நேரடியாகப் பயன்படும் இடம் ஒன்று உண்டு. காது கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறக்கிறார்கள். அவர்களுக்கு மொழி தாமதமாவது பெரும்பாலும் இரண்டு தவறுகளால். முதலாவது, வீட்டுச் சோதனையை நம்புவது. குழந்தையின் பின்னால் நின்று கை தட்டினால் காற்றசைவும் நிழலும், தட்டைப் போட்டால் தரையின் அதிர்வும் போய்ச் சேரும். குழந்தை திரும்பிப் பார்க்கும். "காது நல்லா கேக்குது" என்று விட்டுவிடுகிறார்கள். காது கேளாத குழந்தையும் முதல் மாதங்களில் "ஊ", "ஆ" என்று ஒலி எழுப்பும் என்பதால் ஐயம் வருவதில்லை. பத்து மாதத்தில் "பாபா", "தாதா" வராதபோதுதான் தெரிகிறது. பிறந்த ஒரு மாதத்துக்குள் ஓஏஇ (காதுக்குள் ஒலி செலுத்தி உட்காதின் எதிரொலியை அளக்கும்) பரிசோதனை, அதில் ஐயம் இருந்தால் மூன்று மாதத்துக்குள் பெரா (ஒலிக்கு மூளைத்தண்டு காட்டும் மறுமொழியை அளப்பது) உள்ளிட்ட முழுப் பரிசோதனை, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பது மருத்துவர்கள் பின்பற்றும் கணக்கு. மாவட்ட அளவில் அரசு மருத்துவமனைகளோடு இணைந்த ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் கேட்கலாம்.

இரண்டாவது தவறு, சைகையைத் தள்ளிப்போடுவது. "சைகை காட்டினால் பேச்சு வராது, காக்ளியர் (அறுவை செய்து உட்காதில் பொருத்தும் கேட்புக் கருவி) வைத்த பிறகு பார்க்கலாம்" என்று ஒரு வருடமோ இரண்டு வருடமோ குழந்தையை எந்த மொழியும் இல்லாமல் வைத்திருக்கிறார்கள். த-ட பிரிவது முதல் வருடத்தில் என்பதை நினைத்துப் பாருங்கள். கருவி பொருத்தினாலும் பயன் குழந்தைக்குக் குழந்தை மாறும். கருவிக்காகக் காத்திருக்கும் நாட்களிலும் பொருத்திய பிறகும் கையால் மொழி கொடுப்பதில் நட்டமில்லை என்பதே என் கருத்து.

பெற்றோர்கள் அடுத்துச் சொல்வது: "எங்களுக்கே தெரியாது, தப்பும் தவறுமாகக் காட்டினால் குழந்தையும் தப்பாகக் கற்காதா?" சைமனின் பெற்றோரும் தப்பும் தவறுமாகத்தான் காட்டினார்கள். இந்தியச் சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் 2021-ல் வெளியிட்ட அகராதியின் மூன்றாம் பதிப்பில் 10,000 சொற்கள் இருக்கின்றன, காணொளியாகவே பார்க்கலாம். பெற்றோர் கற்க அது போதும். குழந்தைக்குக் காணொளி போதாது, அதன் கண்ணைப் பார்த்துக் காட்டும் ஆள் வேண்டும். முதலில் பால், தூக்கு, வேண்டும், போதும், எங்கே, யார். அதோடு நிற்காமல் நினைக்கிறேன், தெரியாது, மறந்துவிட்டேன் போன்றவற்றையும் சீக்கிரமே காட்டத் தொடங்க வேண்டும். மாதம் ஒருமுறை பார்ப்பதற்குப் பதில், வாரத்தில் சில நாளாவது சைகை பேசும் மற்றப் பிள்ளைகளோடும் காது கேளாத பெரியவர்களோடும் விளையாட விட வேண்டும். விட்டுப்போன இலக்கணத்தை அந்தக் கூட்டத்தில் குழந்தையே எடுத்துக்கொள்ளும்.